விடுமுறைப் பட்டியல் தொடர்பாக

ஜூன் 8

மதிப்பிற்குரிய பெற்றோர் சங்கத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். எந்தப் பண்டிகைக்கு விடுமுறை விடுவது என்பதை நம் பள்ளியில் இதுவரை தீர்மானித்தது, யார் அதிகம் சத்தம் போடுகிறார்கள் என்பதுதான். சென்ற ஆண்டு ஒரு பிரிவினருக்கு இரண்டு நாள் விட்டோம். இன்னொரு பிரிவினருக்கு அரை நாள்கூட விடவில்லை. அவர்கள் என் அறைக்கு வந்து மேசையைத் தட்டியதில் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. அதன் மேல் ஒரு காலண்டரை வைத்து மறைத்திருக்கிறேன்.

ஆகவே, இந்த ஆண்டுப் பட்டியலைப் பெற்றோர் சங்கமே கலந்து பேசித் தரட்டும் என்று நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. அரசு கேட்கும் வேலை நாட்களைக் கழித்தால் பண்டிகைகளுக்கென்று நம் கையில் மிஞ்சுவது ஆறே நாள். எல்லாச் சமயத்தாரையும் கேட்டு, நியாயமான ஒரு பட்டியலை மாத இறுதிக்குள் அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமை ஆசிரியை

பி.கு.: புதுத் தலைவர் ஒரு பல் டாக்டர் என்று சொன்னார்கள். ஊரில் பல் டாக்டருக்கா பஞ்சம் என்று இருந்துவிட்டேன். பதவி ஏற்ற கடிதத்தில் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் அது நீ என்று தெரிந்தது. அப்படியானால் மூன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் அந்த வாயாடி உன் மகள். யாரோ போல என் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்து, யாரோ போல தேர்தலிலும் நின்று ஜெயித்திருக்கிறாய். பத்து வருடமாக என் வீட்டு வாசலை மிதிக்காதவன் பள்ளி வாசலையாவது மிதிக்கிறாயே. சந்தோஷம்.

*

ஜூன் 27

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. பெற்றோர்களைக் கேட்டு எழுதச் சொல்லியிருந்தீர்கள். நான் கேட்கவே தேவைப்படவில்லை. விஷயம் கசிந்த மறுநாளே என் மருத்துவமனை வாசலில் வரிசை நின்றது. பல் வலி இல்லாதவர்கள்கூட டோக்கன் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்து வைத்திருப்பவரால் பேச முடியாது என்றுதான் இத்தனை நாளும் நம்பியிருந்தேன். அது தவறு. கடைவாய்ப் பல் பிடுங்க வந்த ஒருவர், மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகும், உதடு ஒரு பக்கம் தொங்கத் தொங்க, தங்கள் குருவின் பிறந்த நாளுக்கும் நினைவு நாளுக்கும் தனித்தனியாக விடுமுறை கேட்டார். எனக்குப் புரியவில்லை என்று நினைத்து இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு பல் பிடுங்க வேண்டுமோ என்று நான் பயந்துவிட்டேன். கீழே மருந்துக்கடையில் என் மனைவியிடம், மருந்துச் சீட்டோடு கோரிக்கைச் சீட்டையும் சேர்த்து நீட்டுகிறார்கள்.

சாமி கும்பிடாத ஒரு எலெக்ட்ரீஷியன் வந்தார். "சாமி இல்லாதவனுக்கும் கால் வலிக்கும் டாக்டர். எங்களுக்கும் ஒரு நாள் வேணும்" என்றார். எந்த நாள் என்று கேட்டேன். "எதா இருந்தாலும் சரி. ஞாயித்துக்கிழமை மட்டும் வேண்டாம்" என்றார்.

எல்லாக் கோரிக்கைகளையும் தொகுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். மொத்தம் நாற்பத்தொன்று.

இப்படிக்கு,
தலைவர், பெற்றோர் சங்கம்

பி.கு.: அக்கா, நீ நலமா? மகளை உன் பள்ளியில் சேர்த்தது என் யோசனை இல்லை. "நல்ல ஸ்கூல்னு ஊரே சொல்லுது. உங்க அக்காவுக்கும் நமக்கும் பேச்சு இல்லைன்னா அதுக்கும் இவ படிப்புக்கும் என்ன சம்பந்தம்?" என்று அவள் அம்மாதான் கொண்டுவந்து சேர்த்தாள். தேர்தலிலும் நானாக நிற்கவில்லை. நிற்கச் சொன்னார்கள், நின்றேன். பள்ளியில் உன்னை மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று மகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். ஏதாவது வால்தனம் செய்தால் எழுது.

*

ஜூலை 3

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

நாற்பத்தொன்றா? ஆறு நாள் என்று எழுதியதில் எந்த எழுத்து புரியவில்லை? இந்தப் பட்டியலை அப்படியே ஏற்றுக்கொண்டால், பிள்ளைகள் புத்தகம் வாங்க ஒரு நாளும் பரீட்சை எழுத ஒரு நாளும் வந்தால் போதும். கணக்கு டீச்சர் இதைப் படித்துவிட்டு ஆசிரியர் அறையில் இருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அவர் இதுவரை யாருக்கும் எதுவும் வாங்கிக் கொடுத்ததில்லை.

தயவுசெய்து குறைத்து அனுப்பவும்.

இப்படிக்கு,
தலைமை ஆசிரியை

பி.கு. என்று போடவில்லை. இந்தக் கடிதத்தில் பாதி அதுதான்.

உனக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அம்மா கேட்டால் அம்மாவுக்கு ஒன்று, அப்பா கேட்டால் அப்பாவுக்கு ஒன்று. நாற்பத்தொரு பேருக்கும் தலையாட்டிவிட்டு, இல்லை என்று சொல்கிற வேலையை என் தலையில் கட்டியிருக்கிறாய்.

உன் மகளைப் பற்றி எழுதச் சொன்னாய். வகுப்பு ஆசிரியை பண்டிகைக் கணக்கெடுப்புக்காக ஒவ்வொரு பிள்ளையையும் எந்தச் சமயம் என்று கேட்டிருக்கிறார். உன் மகள், "எல்லாம்" என்று சொல்லியிருக்கிறாள். என்னிடம் அனுப்பினார்கள். வந்து நின்றாள். கைகட்டு மட்டும் ரொம்ப மரியாதை.

"எல்லாம்னா என்ன அர்த்தம்?" என்றேன்.

"அப்பாவோடது ஒண்ணு, அம்மாவோடது ஒண்ணு மேடம்."

"அது ரெண்டு. மூணாவது?"

"பக்கத்து சீட்ல இருக்காளே, அவளோடது. அவங்க வீட்ல பண்டிகைன்னா நான் போய் சாப்பிடணும்ல?"

சிரிக்கக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். போகச் சொன்னேன். கதவு வரை போனவள் திரும்பி, "நீங்க ஏன் மேடம் எங்க வீட்டுக்கு வரவே மாட்டேங்கறீங்க?" என்று கேட்டாள். வேலை இருக்கிறது என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

நான் எதையும் மறக்கவில்லை. இரண்டு பண்டிகையும் ஒரே நாளில் வந்த அந்த வருடம், கல்யாணமான புதிதில், மதியச் சாப்பாட்டுக்கு வருகிறோம் என்று நீதான் சொன்னாய். விடியலில் எழுந்து ஒற்றை ஆளாகச் சமைத்தேன். நீங்கள் வந்தது மூன்றரை மணிக்கு. உன் மனைவி இரண்டு வாய் கொறித்துவிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டாள். என் கைச் சமையல் அவளுக்கு இறங்கவில்லை. என் வீட்டுப் பண்டிகையும்தான்.

உன் அக்கா

*

ஜூலை 6

அக்கா,

சங்கம், தலைவர் எல்லாம் கிடக்கட்டும். இது நான்.

பத்து வருடம் கழித்து எழுதுகிறாய், எழுதியதும் சாப்பாட்டுக் கணக்கு. தாமதமாக வந்தோம். ஒப்புக்கொள்கிறேன். காலையில் அவள் அம்மா வீடு, அங்கிருந்து கிளம்ப விடவில்லை, வழியில் பஸ்ஸும் கிடைக்கவில்லை. ஆனால் நீ என்ன செய்தாய்? கதவைத் திறந்தவள் "வாங்க" என்று சொல்லவில்லை. "சாப்பாடு ஆறிப்போச்சு" என்றாய். புதிதாகக் கல்யாணமாகி முதல் தடவை வீட்டுக்கு வருகிறவளிடம் சொல்கிற முதல் வார்த்தையா அது? சாப்பிடும்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை. பாத்திரங்களை வைக்கிற சத்தத்திலேயே எல்லாவற்றையும் பேசிவிட்டாய். திரும்பிப் போகிற வழியெல்லாம் அவள் ஒன்றும் சொல்லாமல் வந்தாள். அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

அடுத்த வருடம் நீ கூப்பிடவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை. இவள் பிறந்தபோது ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். நீ ஒரு சட்டையை ஆள் மூலம் அனுப்பினாய். சட்டை பெரிதாக இருந்தது. இரண்டு வயதில் போட்டுக்கொண்டாள்.

இனி சங்க விஷயத்தைத் துணைத் தலைவர் எழுதுவார். அவருக்கு எல்லோரிடமும் இல்லை என்று சொல்ல வரும். நன்றாகவே வரும்.

உன் தம்பி

*

ஜூலை 9

தலைவர் அவர்களுக்கு,

தங்கள் ஆறாம் தேதிக் கடிதம் கிடைத்தது.

விதிப்படி விடுமுறை குறித்த கடிதங்களில் தலைவர்தான் கையெழுத்திட வேண்டும். துணைத் தலைவர் செல்லாது. வரும் சனிக்கிழமை பெற்றோர் அனைவரையும் கூட்டி முடிவெடுத்து, கூட்ட நடவடிக்கைகளை எழுதி அனுப்பவும். பெற்றோர் மனம் விட்டுப் பேச வேண்டும் என்பதால் நான் வரப்போவதில்லை. முதல் மாடி வகுப்பறையைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

கவரை நன்றாக ஒட்டி அனுப்பவும். கொண்டுவருகிறவள் வழியில் படித்துவிடுகிறாள். "மேடம், அந்தச் சட்டை மஞ்சள் கலர்தானே?" என்று கேட்கிறாள்.

தலைமை ஆசிரியை

*

ஜூலை 14

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியை அவர்களுக்கு,

கூட்ட நடவடிக்கைகள் பின்வருமாறு.

தாங்கள் திறந்து வைக்கச் சொன்னது ஒன்றாம் வகுப்பறை. பெஞ்சுகள் முழங்கால் உயரம். இத்தனை பெரிய மனிதர்கள் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்துகொண்டு சமயத்தைப் பற்றிச் சண்டை போட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கோபத்தில் எழுந்து நிற்க முயன்ற ஒருவர் பெஞ்சோடு எழுந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் பிடித்து இழுத்து விடுவித்தார். பிடித்து இழுத்தவருக்கு எதிராகப் பேசத்தான் அவர் எழுந்ததே.

முதல் ஒரு மணி நேரம் எந்தச் சமயத்தில் பிள்ளைகள் அதிகம் என்று எண்ணினார்கள். எண்ணிக்கை ஒத்துவரவில்லை. ஒவ்வொருவரும் அடுத்த வருடம் சேரப்போகிற பிள்ளைகளையும் சேர்த்து எண்ணியிருந்தார்கள். பி.டி. மாஸ்டர் சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்றார். கடவுள் விஷயத்தில் குலுக்கலா என்று கத்தினார்கள். கடவுள்தானே எடுத்துக் கொடுப்பார் என்றார் அவர். அவரை வெளியே அனுப்பிவிட்டோம்.

கடைசி பெஞ்சில் இருந்த என் மனைவி எழுந்தாள். அவள் சமயத்தில் நம் பள்ளியில் மொத்தம் ஏழெட்டுக் குடும்பம்தான். பட்டியலில் இடம் கிடைக்காது என்பது அவளுக்கு முன்பே தெரியும்.

"எங்க பண்டிகையை நீங்க எழுதினாலும் பிரயோஜனம் இல்லைங்க. பிறை பார்த்துத்தான் நாள் சொல்வாங்க. முந்தின ராத்திரிதான் தெரியும். நீங்க ஜூலையிலேயே காலண்டர்ல அச்சடிச்சுட்டா, நிலாகிட்ட யார் போய் சொல்றது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"பண்டிகை அன்னிக்கு லீவு, பண்டிகை அன்னிக்கு லீவுன்னு சண்டை போடறீங்களே, அன்னிக்கு என்ன வேலை இருக்கு? குளிச்சுட்டு சாப்பிடற வேலை. முந்தின நாள்தான் வீட்டைக் கழுவணும், கடைக்குப் போகணும், அடுப்புகிட்ட நிக்கணும். அதுக்கு எந்த சாமியும் லீவு குடுக்கல. ஆம்பளைங்க கை தூக்குங்க, போன பண்டிகைக்கு முந்தின நாள் யார் வீட்ல இருந்தீங்க?"

ஒரே ஒரு கை எழுந்தது, எலெக்ட்ரீஷியனுடையது. அவருக்குப் பண்டிகையே கிடையாது என்பதை அவர் மனைவி ஞாபகப்படுத்தினார். கை இறங்கியது.

பெண்கள் பக்கம் கைதட்டல் ஓய வெகு நேரம் ஆனது. அதுவரை ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்த மூன்று சமயத்துப் பெண்களும் பெஞ்சுகளை இழுத்து ஒன்றாகப் போட்டுக்கொண்டார்கள். நாங்கள் ஜன்னல் ஓரம் ஒதுங்கினோம். அரை மணியில் முடிவாகிவிட்டது.

பெரிய பண்டிகைகள் மூன்றுக்கு மட்டும் பள்ளியை மூடுவது. மீதி மூன்று நாளை வீட்டுக்கு வீடு கொடுத்துவிடுவது. எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பண்டிகைக்கு எடுக்கிறவர் எடுக்கட்டும். முந்தின நாள் வேலைக்கு எடுக்கிறவர் எடுக்கட்டும். எலெக்ட்ரீஷியன் தூங்க எடுக்கட்டும். ஆசிரியர்களுக்கும் அதே மூன்று நாள். என் மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: "ஏன்னு மட்டும் கேக்கக் கூடாது."

ஏகமனதாக நிறைவேறியது.

இப்படிக்கு,
தலைவர், பெற்றோர் சங்கம்

*

ஜூலை 20

அன்புள்ள தம்பிக்கு,

நிர்வாகம் ஏற்றுக்கொண்டுவிட்டது. தாளாளர் படித்துவிட்டு, "இதை ஏன் நமக்கு இத்தனை வருஷம் தோணல?" என்றார். பண்டிகைக்கு முந்தின நாள் நாம் வீட்டில் இருந்ததில்லை என்றேன். நான் இங்கே பிள்ளைகள் வருகைப் பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருப்பேன். அவர் ஆண்பிள்ளை.

உன் மனைவி பேசியதை மூன்று முறை படித்தேன். எத்தனை பண்டிகைகளுக்குப் பள்ளியிலிருந்து ஆறு மணிக்குப் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்பைப் பற்றவைத்திருக்கிறேன் தெரியுமா? நான் இந்தப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியை. எனக்கு வேண்டியதை எழுந்து கேட்க எனக்கே தோன்றவில்லை. மருந்துக்கடையிலிருந்து வந்து அவள் கேட்டிருக்கிறாள்.

உங்கள் வீட்டுப் பண்டிகை, அதாவது அவளுடையது, இந்த ஆண்டு எப்போது வருகிறது? தனிப்பட்ட காரணம் ஒன்றுமில்லை. அந்த வாரம் பரீட்சை வைத்துவிடக் கூடாது அல்லவா, அதற்காகக் கேட்கிறேன்.

உன் அக்கா

*

ஜூலை 23

அன்புள்ள அக்காவுக்கு,

அடுத்த மாதம் இருபதாம் தேதி செவ்வாய், இல்லாவிட்டால் புதன். பிறை தெரிந்த பிறகுதான் உறுதி. செவ்வாயாகத்தான் இருக்கும் என்று மாமனார் சொல்கிறார். அவர் சொல்லி நடந்ததில்லை.

பரீட்சைக்காகத்தான் கேட்கிறாய் என்று அவளிடமும் சொன்னேன். "ஆமா, பரீட்சைக்காகத்தான் இருக்கும்" என்று அவளும் சொன்னாள். அதற்குப் பிறகு முன்னறைக்குப் புதுத் திரைச்சீலைத் துணி எடுத்து வந்திருக்கிறாள்.

உன் தம்பி

*

ஆகஸ்ட் 21

தம்பிக்கு,

நேற்று நீ ராத்திரி வீட்டுக்கு வரும்போது நான் கிளம்பிக்கொண்டிருந்தேன். நீ வாசலில் பேயைப் பார்த்தவன் மாதிரி நின்றாய். உனக்குப் பதில் சொல்லாமல் நான் ஏன் ஆட்டோவில் ஏறினேன் என்று யோசித்திருப்பாய். சொல்கிறேன்.

எனக்கு உரிய மூன்று நாளில் ஒன்றைச் செவ்வாய்க்கிழமைக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். பிறை தெரியவில்லை, பண்டிகை புதனுக்குப் போய்விட்டது என்று எனக்கு யார் சொல்வது? நல்ல புடவை கட்டி, பழம் வாங்கிக்கொண்டு, காலை பத்து மணிக்கு உங்கள் வீட்டு மணியை அடித்தேன். உன் மனைவி கதவைத் திறந்தாள். தலையில் துண்டு, கையில் துடைப்பம், முழங்கால் வரை நனைந்த புடவை. பின்னால் நாற்காலிகள் எல்லாம் மேசை மேல் கவிழ்ந்து கிடந்தன.

பழப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"இன்னிக்கு இல்லையா?" என்றேன்.

"நாளைக்கு அண்ணி" என்றாள். பிறகு சட்டென்று, "வாங்க. வாங்க உள்ள. வழுக்கும், பார்த்து" என்றாள். நல்ல புடவையோடு வந்தவளை உட்கார வைக்க ஒரு காய்ந்த இடம் இல்லை. சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அவளுக்கும் வந்தது, ஆனால் நான் சிரித்த பிறகுதான் சிரித்தாள்.

நாளை வருகிறேன் என்று திரும்பியிருக்கலாம். நாளைக்குப் பள்ளியில் நிர்வாகக் கூட்டம். "நாளைக்கு வர முடியாதும்மா, லீவு இன்னிக்குத்தான் போட்டேன்" என்றேன். "அப்ப இன்னிக்கே இருங்க. வேலை நிறைய இருக்கு" என்றாள். பண்டிகைக்கு வந்த விருந்தாளியிடம் யாராவது இப்படிச் சொல்வார்களா? எனக்கு அது பிடித்திருந்தது. அவளுடைய பழைய புடவை ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நான் ஜன்னல்களைத் துடைத்தேன். உன் மகள் பள்ளி விட்டு வந்தவள், நான் ஸ்டூல் மேல் நிற்பதைப் பார்த்துவிட்டு "குட் ஈவ்னிங் மேடம்" என்று விறைத்து நின்றாள். வீட்டில் அத்தை என்று சொல்லலாம் என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாக்கியத்திலும் இரண்டு அத்தை. முன்னறைப் புதுத் திரைச்சீலையை நான்தான் மாட்டினேன். கொக்கிகளைக் கோக்கக் கொஞ்சம் சிரமப்பட்டேன், ஆனால் நன்றாக வந்திருக்கிறது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன்.

சாயங்காலம் பலகாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தோம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அன்னிக்கு என் சமையல் உனக்குப் பிடிக்கலை, இல்ல?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் கை நின்றது. "அண்ணி, நான் அன்னிக்கு எங்கம்மா வீட்ல மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டிருந்தேன். தொண்டை வரைக்கும். உங்க வீட்ல டீ மட்டும்தான், சாப்பாடெல்லாம் இருக்காதுன்னு இவர்தான் சொன்னார். உள்ள வந்து பார்த்தா மேசை பூரா சாப்பாடு. எனக்கு உயிரே போச்சு."

"எங்கிட்ட மதியச் சாப்பாட்டுக்கு வர்றோம்னு சொன்னானே!"

"எங்கம்மாகிட்டயும் மதியச் சாப்பாட்டுக்கு இருக்கோம்னுதான் சொன்னார்."

இரண்டு பேரும் மாவுக் கையோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"அதை அன்னிக்கே ஏன்மா சொல்லல?"

"உங்க தம்பியை உங்க முன்னாடி எப்படி அண்ணி விட்டுக்கொடுக்கறது? கல்யாணமாகி ஒரு மாசம்கூட ஆகல."

இரண்டு வீட்டிலும் இல்லை என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. அதற்கு நாங்கள் இரண்டு பேரும் பத்து வருடம் ஒருத்தி மேல் ஒருத்தி கோபமாக இருந்திருக்கிறோம். அவள் என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்தாள். நான் அவளை அப்படியே நினைத்தேன். நடுவில் நீ இரண்டு விருந்தையும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, போன மாதம் எனக்குக் கடிதம் வேறு எழுதுகிறாய், வழியில் பஸ் கிடைக்கவில்லை என்று! பாத்திரச் சத்தம் என்று!

உன் முகத்தைப் பார்த்தால் திட்டிவிடுவேன் என்றுதான் ஆட்டோவில் ஏறினேன். பண்டிகைக்கு முந்தின நாள் வாசலில் சத்தம் வேண்டாம் என்று அவள் சொன்னாள். பண்டிகை முடிந்ததும் அவளே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னாள்.

எனக்கு இப்போது உன்னிடம் கோபம் இல்லை. மிச்சம் வைக்காமல் அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

உன் அக்கா

*

ஆகஸ்ட் 23

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியை அவர்களுக்கு,

என் மகள் புதன்கிழமையும் நேற்றும் பள்ளிக்கு வரவில்லை. காரணம் கேட்கக் கூடாது என்று விதி போட்டதே நான்தான். இருந்தாலும் சொல்கிறேன். புதன் பண்டிகை. நேற்று வயிற்று வலி. நீங்கள் பிசைந்து வைத்த பலகாரத்தில் பெரும்பகுதி அவளுக்குள்தான் இருக்கிறது. மருந்து கொடுத்திருக்கிறேன். சொந்தக் கடை என்பதால் செலவில்லை.

அண்ணி, உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. உங்கள் தம்பி எழுதித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் எழுதினால் உங்களுக்கு ஒன்றும் எனக்கு ஒன்றும் எழுதுவார். இப்போது அவர் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார். இரண்டு விருந்துப் பாத்திரம். ஒன்று புதன்கிழமையுடையது, இன்னொன்று பத்து வருடத்துக்கு முந்தினது என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்த மாதம் உங்கள் வீட்டுப் பண்டிகை வருகிறது. நாங்கள் அன்றைக்கு வரவில்லை. முந்தின நாள் காலையிலேயே வந்துவிடுகிறோம். இராத்திரி தங்கி, மறுநாள் சாப்பிட்டுவிட்டுத்தான் போவோம். காலையில் வேறு எங்கும் சாப்பிட மாட்டேன். எங்கள் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. முன்னறைத் திரைச்சீலையை நீங்கள் பின்பக்கம் முன்னால் வரும்படி மாட்டிவிட்டீர்கள். பூவெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தையல் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் போன பிறகுதான் கவனித்தேன். உங்கள் தம்பி கழற்றித் திருப்பி மாட்டுகிறேன் என்று ஸ்டூலைத் தூக்கி வந்தார். தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

பண்டிகைக்கு வந்த அத்தனை பேரும் அதைப் பார்த்து என்னது இது என்று கேட்டார்கள். எங்க அண்ணி வந்து மாட்டினாங்க என்று சொன்னேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி மனைவி